குப்பை என்றொரு லேயர்

ஜூன் 4

இன்று ஆபீஸ் கம்ப்யூட்டரில், நூலகத்துக்காக நாங்கள் வடிவமைக்கும் குழந்தைகள் சறுக்கின் வரைபடத்தைத் தேடினேன். கிடைத்தவை: "சறுக்கு", "சறுக்கு புதுசு", "சறுக்கு கடைசி", "சறுக்கு கடைசி திருத்தியது", "சறுக்கு நிஜமாவே கடைசி". நிஜமாவே கடைசியைத் திறந்தால் அது புதுசை விடப் பழசு. அழகான ஆபீஸ்.

இதில் நூலகர் மேடத்தின் போன் வேறு. "உங்க சார் அனுப்பினதைத் தொட்டா, எதுல திறக்கணும்னு அது என்னையே கேக்குதும்மா. எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் உங்களைக் கேக்கப்போறேன்?" என்றார். அதை வைத்தால் சறுக்கைச் செய்யப்போகும் பட்டறை அண்ணன். அவருக்கு சார் பிரிண்டைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். "எல்லாம் மங்கலா இருக்கு மேடம். சாரோட கட்டைவிரல் மட்டும் நல்லா தெளிவா வந்திருக்கு" என்றார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றாமலே, "இனிமே எல்லாருக்கும் ஒரே ஃபைல். ஒரே ஃபார்மேட். எதுன்னு நீயே முடிவு பண்ணு" என்றார்.

நீயே முடிவு பண்ணு! இந்த ஆபீசில் நான் சேர்ந்த நாளிலிருந்து இந்த மூன்று வார்த்தைகளை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதைக்கூட அவர்தான் முடிவு செய்வார்.

ஜூன் 5

ஒரே ஃபார்மேட். ஒன்றே ஒன்று. அதில் அப்படி என்ன கஷ்டம் இருந்துவிடப் போகிறது?

ஜூன் 7

கஷ்டம் இருக்கிறது.

வீட்டையே சோதனைக்கூடம் ஆக்கிவிட்டேன். நாங்கள் வரைவது டி.டபிள்யூ.ஜி. ஃபைலில். அதை இவருடைய போனுக்கு அனுப்பினேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், போனில் பாட்டும் கிரிக்கெட்டும் தவிர வேறு எதையும் திறந்தவர் இல்லை. திரையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்கு. இதுதான் சறுக்கா?" என்றார்.

அடுத்தது நாத்தனார். பெரிய தாள் பிரிண்ட் போடும் கடையில் வேலை பார்க்கிறாள், ஆகவே எனக்கு இலவச ஆலோசகர். கடைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட்டு போன் செய்தாள். "அண்ணி, எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருது. வட்டத்துக்கு விட்டம் போட்டிருப்பீங்களே, அங்கெல்லாம் கேள்விக்குறி. உங்களுக்கே சந்தேகமா?" என்றாள். நாங்கள் பயன்படுத்தும் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இது நூலகர் மேடத்துக்கு எப்படித் தெரியும்? கேள்விக்குறியைப் பார்த்தால் இந்த ஆபீசுக்கே விவரம் போதாது என்றுதானே நினைப்பார்?

ஆக டி.டபிள்யூ.ஜி. என்பது சமையலறை. நறுக்கியது, நறுக்காதது, தோல், கத்தி எல்லாம் உள்ளே கிடக்கும். வந்தவர்களை நேரே அங்கே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தக் கூடாது. பி.டி.எஃப். என்பது பரிமாறிய தட்டு. எழுத்து மாறாது, கோடு நகராது, எந்தப் போனிலும் திறக்கும். இவருடைய போனிலேயே திறந்தது! "அட, படிக்கட்டு தெரியுதே" என்றார். எனக்கு ஏதோ நிலாவில் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 10

நாட்குறிப்பில்தானே எழுதுகிறேன், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சார் வரைந்திருக்கும் சறுக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

நூலகத்தின் மேல்தளம் குழந்தைகளுக்கு. படித்து முடித்ததும் கீழே வரப் படிக்கட்டு இருக்கிறது, கூடவே ஒரு சறுக்கும் வேண்டும் என்று நூலகர் மேடம் கமிட்டியோடு மல்லுக்கட்டி வாங்கியிருக்கிறார். நல்ல ஆசை. அதற்கு சார் போட்டது படிக்கட்டை ஒட்டி நேராக ஒரு பலகை. லாரியிலிருந்து மூட்டை இறக்கவும் இதைத்தான் போடுவார்கள்.

கூடத்தின் நடுவில் பருமனான தூண் ஒன்று நிற்கிறது. எல்லாரும் அதைத் தொந்தரவு என்கிறார்கள். எனக்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் சறுக்கு அதைச் சுற்றிக்கொண்டு இறங்குவதுதான் தெரிகிறது. முக்கால் சுற்று. பாதி வழியில் ஜன்னல் வரும், வெளியே தெரு, பிறகு புத்தக அலமாரிகள், பிறகு தரை. வேகமும் அடங்கியே வரும்.

வரைந்தும் வைத்திருக்கிறேன். சாருடைய அதே ஃபைலில், தனி லேயரில். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போலத்தான் நாங்கள் வரைவோம், வேண்டாத தாளை அணைத்து மறைத்துவிடலாம். என் லேயருக்கு "குப்பை" என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரைப் பார்த்தால் சார் திறக்க மாட்டார். அவர் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் அணைத்துவிடுவேன்.

ஜூன் 12

பி.டி.எஃப். தான். முடிவு செய்துவிட்டேன்!

மாற்றுவதற்குப் புது மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அது நிறையக் கேட்டது. வண்ணம் வேண்டுமா, எழுத்துருவை உள்ளேயே வைக்கவா, எல்லா லேயரையும் சேர்க்கவா. இலவசமாகக் கொடுப்பதை விடுவானேன்? எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். அளவுகளை மட்டும் தனியாகக் காட்டி மறைக்க முடிந்தால் மேடத்துக்கும் வசதிதானே.

பத்து நிமிஷத்தில் போன். "திறந்துடுச்சும்மா! தொட்டதும் திறந்துடுச்சு!" அந்தக் குரலைக் காது குளிரக் கேட்டேன். சாரிடம் சொன்னேன். "ம்" என்றார். அவர் கணக்கில் அது மாலை மரியாதை.

ஜூன் 13

ஐயோ.

ஐயோ ஐயோ ஐயோ.

காலையில் நூலகர் மேடம் போன் செய்தார். போனில் சின்னதாகத் தெரிந்ததால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்தாராம். பக்கவாட்டில் லேயர்களின் பெயர்கள் வரிசையாக இருந்ததாம். "சுவர், படி, அளவுன்னு எல்லாத்துக்கும் பக்கத்துல கண்ணு வரைஞ்சிருந்துச்சு. ஒண்ணுக்கு மட்டும் இல்ல. குப்பைன்னு வேற போட்டிருந்துச்சு. மூடி வெச்சிருந்தா எனக்குக் கை சும்மா இருக்காதும்மா, புத்தகத்தோடயே வாழ்ந்த கை. தொட்டேன்."

நான் அனுப்பிய ஃபைலை அவசரமாகத் திறந்து பார்த்தேன்.

"தூணைச் சுத்தி வருதே, அதுதான் வேணும். எப்ப முடிப்பீங்க? கமிட்டிக்கு அனுப்பிட்டேன்."

கமிட்டிக்கு! அனுப்பிட்டாராம்! நான் எதற்கு எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்? என் கை என்ன, கிடைத்த இடத்திலெல்லாம் முத்திரை குத்தும் கையா?

அதைவிடப் பெரிய வினை, அந்த லேயரில் நான் சும்மா வரைந்து மட்டும் வைக்கவில்லை. சாருடைய பலகைக்கு அம்புக்குறி போட்டு "மூட்டை இறக்க ஏற்றது" என்று எழுதியிருக்கிறேன்.

மேடம் அதையும் படித்துவிட்டார். "அது ரொம்ப சரி" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார். சார் காதில் விழுந்தால் தொலைந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லட்டுமா? அந்தப் பயத்தோடேயே எனக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. அதுதான் வேணும் என்றாரே!

ஜூன் 14

சாருக்கும் ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார். திரையில் என் சறுக்கு, என் அம்புக்குறி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மூட்டைன்னு எழுதினது நீயா?"

"ஆமா சார்."

"எழுத்து ரொம்பச் சின்னது. பிரிண்ட்ல தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். திட்டுவார் என்று பயந்து வந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு, "கமிட்டி கேக்குது, செய். ஆனா பழைய கட்டடம். நம்மகிட்ட இருக்கற வரைபடத்துல சுவர் ஒரு இடத்துல இருக்கும், நேர்ல இன்னொரு இடத்துல இருக்கும். படிக்கட்டுக் கைப்பிடியில இடிக்காம இது நிக்கும்னு எனக்குக் காட்டு. ஜூலை நடுவுல பட்டறையில வெட்ட ஆரம்பிக்கணும். அதுக்குள்ள காட்டலன்னா மூட்டைப் பலகைதான்" என்றார்.

மூட்டைப் பலகை. அவரே சொல்கிறார்!

ஒவ்வொரு வரைபடத்தின் வலது கீழ்மூலையிலும் மூன்று கட்டங்கள் உண்டு. வடிவமைப்பு, வரைந்தவர், சரிபார்த்தவர். என் பெயருக்கான இரண்டெழுத்து இதுவரை நடுக் கட்டத்தைத் தாண்டியதில்லை. முதல் கட்டம் எப்போதும் சாருடையது. எனக்கு அந்த முதல் கட்டம் வேண்டும். எழுதிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும். ஆசையாக இருக்கிறது.

ஜூன் 21

பட்டறை அண்ணனுக்குப் புது வரைபடத்தைப் பெருமையோடு பி.டி.எஃப்.பில் அனுப்பினேன்.

"படம் பாக்க லட்சணமா இருக்கு மேடம். ஆனா வெட்டறது மெஷின். அதுக்குப் படம் தெரியாது, கோடுதான் தெரியும்."

சரி, டி.எக்ஸ்.எஃப். ஆக மாற்றிக் கொடுத்தேன். வெட்டும் மெஷின்களுக்கெல்லாம் அதுதான் பாஷை. மதியம் மறுபடி போன். என் அழகான வளைவு முழுவதும் குட்டிக் குட்டி நேர்க்கோடுகளாக உடைந்து போயிருக்கிறது. சோதனைக்காக ஒரு பழைய தகட்டில் ஓட்டிப் பார்த்தாராம். "மெஷினுக்கு விக்கல் எடுத்த மாதிரி நின்னு நின்னு போகுது. ஓரமெல்லாம் ரம்பம். இதுல எந்தப் பிள்ளை கையை வெக்கும்?"

மாற்றும்போது வளைவை வளைவாகவே விடச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. நான் பார்க்கவில்லை. இந்த முறை டிக் போட வேண்டிய இடத்தில் போடாமல் விட்டிருக்கிறேன்! திருத்தி அனுப்பினேன். "இப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார். கூடவே, "தகட்டை வளைச்சு முறுக்கணுமே, அதுக்கு இது பத்தாது. முழு உருவமா எதுல குடுப்பீங்க?" என்றார். அதற்கு ஸ்டெப் ஃபைல்.

அப்படியானால் சார் கேட்ட "ஒரே ஃபார்மேட்"?

ஜூன் 22

கண்டுபிடித்துவிட்டேன்! துணி காயப்போடும்போது! ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே உள்ளே ஓடி வந்து எழுதுகிறேன்.

எந்த ஃபார்மேட் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, அந்தக் கேள்வியே தப்பு. திறந்த பிறகு அவர் என்ன செய்யப் போகிறார் என்று கேட்க வேண்டும். மேடம் பார்ப்பார், அளவைப் படிப்பார், நாலு பேருக்குக் காட்டுவார். மெஷின் வெட்டும். முறுக்குகிறவருக்கு எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சாருக்குக் கோட்டை அழித்துத் திருத்த வேண்டும். ஒரே சறுக்குதான், ஆனால் நாலு பேருக்கு நாலு வேலை.

இவரிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு, "டிரைவருக்கு ஸ்டியரிங், கண்டக்டருக்கு விசில், ஏறினவங்களுக்கு ஜன்னல். எல்லாரும் ஒரே பஸ்லதான் போறோம்" என்றார். சரியாகத்தான் சொல்கிறார் மனுஷன். என்னை விடச் சுருக்கமாக வேறு.

ஜூன் 24

சாரிடம் சொன்னேன். "ஒண்ணு கேட்டா நாலு குடுக்கற" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தாளில் பெரிதாக எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டினேன். பார்க்க பி.டி.எஃப். வெட்ட டி.எக்ஸ்.எஃப். முறுக்க ஸ்டெப். திருத்த டி.டபிள்யூ.ஜி. அதன் கீழே சிவப்பில்: குப்பையை அணைத்தால் போதாது, அள்ளிப் போட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஜூலை 1

என் திட்டம் இது. கைப்பிடியில் இடிக்குமா இடிக்காதா என்று திரையில் பார்த்து என்ன பிரயோஜனம்? சறுக்கின் நிழல் தரையில் எப்படி விழுமோ, அதை நிஜ அளவுக்கே தாளில் அச்சடித்து நூலகக் கூடத்தில் விரித்துவிடலாம். சார் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும்.

நாத்தனாரின் கடையில் தாள் உருளையாக வரும். அந்த அகலத்துக்குச் சரியாகப் படத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தேன். மூலையில் வழக்கம் போலப் பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்றும் போட்டிருக்கிறேன். எந்தத் தாளிலும் அதைப் போடாமல் விட எனக்கு மனசு வராது. சார் அதைப் பார்க்கும்போதெல்லாம், "இது எதுக்கு, தாளுக்குப் பொட்டா?" என்பார்.

ஜூலை 3

எங்கிருந்து ஆரம்பிப்பது!

நூலகத்துக்கு இன்று விடுமுறை. மேல்தளத்தின் விளிம்பிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, அது தரையைத் தொட்ட இடத்தில் தாளின் தொடக்கத்தை வைத்தோம். பட்டைகளை ஒட்ட ஒட்ட என் சறுக்கு தரையில் வளர்ந்துகொண்டே போனது. தூணைச் சுற்றியது. ஜன்னலைத் தாண்டியது. படிக்கட்டுக் கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்தது.

இடிக்கவில்லை! கைப்பிடிக்கும் தாளுக்கும் நடுவில் என் உள்ளங்கை அகலத்துக்கு இடம்!

நூலகர் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாள் மேல் நடந்தார், இரண்டு கையையும் பறவை மாதிரி விரித்துக்கொண்டு, "வ்வ்வ்" என்று சத்தம் போட்டபடி. வயது ஐம்பதுக்கு மேல். பட்டறை அண்ணன் கைதட்டினார். சார் தூண் பக்கம் குனிந்து பார்த்தார், கைப்பிடிப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு பட்டறை அண்ணனிடம், "நாளைக்கே வெட்ட ஆரம்பிச்சுடு" என்றார்.

வீட்டுக்கு வரும்வரை கால் தரையில் படவில்லை. இவர் ஓட்டும் பஸ்ஸிலேயே வந்தேன். இறங்கும்போது எல்லார் காதிலும் விழும்படி, "சார், நானும் முடிவு பண்ணிட்டேன், இங்கதான் இறங்கறேன்" என்றேன். "இறங்குங்கம்மா, சறுக்கி விழுந்துடாம" என்றார். பக்கத்தில் நின்றவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜூலை 4

இன்று காலை தாள்களைச் சுருட்டி வைக்கக் கூடத்துக்குப் போனேன். மூலையில் என் பத்து சென்டிமீட்டர் கோடு. பையில் ஸ்கேல் இருந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன், ஒரு காரணமும் இல்லை.

பத்து இல்லை. மூன்று மில்லிமீட்டர் குறைகிறது.

அடுத்த பட்டை. அதிலும் அதே. எல்லாவற்றிலும்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து சென்டிமீட்டருக்கு மூன்று மில்லி என்றால், கைப்பிடிவரை இருக்கும் நாலு மீட்டருக்கு? உள்ளங்கை அகலத்துக்கும் மேல்! நேற்று எல்லாரும் பார்த்துக் கைதட்டியது குட்டிச் சறுக்கு. நிஜம் அதைவிடப் பெரிது. நிஜம் கைப்பிடியில் போய் முட்டும். பட்டறைக்குப் போன டி.எக்ஸ்.எஃப். சரியான அளவில் இருக்கிறது. அதுதான் ஆபத்தே. அவர் வெட்டப்போவது நிஜ அளவு!

உடனே பட்டறைக்குப் போன் போட்டேன். "அண்ணே, வெட்டிட்டீங்களா?"

"தகட்டை மேல ஏத்தியாச்சு. பட்டனை அழுத்தறதுதான் பாக்கி."

"அழுத்தாதீங்க! கையை எடுங்க! தயவுசெஞ்சு கையை எடுங்க!"

"எடுத்துட்டேன், எடுத்துட்டேன். ஏன்மா அழறீங்க?"

நான் அழுதது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாத்தனாரிடம் ஓடினேன். பாவம், பேயறைந்த மாதிரி ஆகிவிட்டாள். "அண்ணி, பிரிண்டர் ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் வெள்ளை விட்டுத்தான் போடும். நீங்க தாளோட முழு அகலத்துக்கும் வரைஞ்சிருந்தீங்க. தாளுக்குள்ள அடக்கவான்னு கேட்டுச்சு, ஆமான்னு குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தானே குடுக்கறோம்" என்றாள். போஸ்டருக்கும் பேனருக்கும் அது சரிதான். நூற்றுக்கு மூன்று குறைந்தால் போஸ்டரில் இருப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான்தான் ஓரத்துக்கு இடம் விட்டு வரைந்திருக்க வேண்டும். அசல் அளவு என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். விரிப்பதற்கு முன்னால் கோட்டை அளந்திருக்க வேண்டும். கோட்டைப் போட்டது நான், அளக்க மறந்ததும் நான்!

மதியம் சாரிடம் சொன்னேன். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சலித்துப்போன குரலில், "பலகையே போட்டுடலாம். அது பாதி தயாரா இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "முடியாது சார். தூணுக்கும் சறுக்குக்கும் நடுவுல இடம் சும்மா கிடக்கு. வளைவை உள்ள தள்ளினா கைப்பிடியை விட்டு விலகிடும். தாள் தப்புக் காட்டுச்சு, சறுக்கு என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

சார் திரும்பி நாட்காட்டியைப் பார்த்தார்.

"அடுத்த வெள்ளி வரைக்கும்" என்றார்.

ஜூலை 5

அழுது முடித்தாயிற்று. வளைவை உள்ளே தள்ளு.

ஜூலை 8

தள்ளினால் மேலே ஆரம்பிக்கும் இடமும் நகர்கிறது. அங்கே ஓர் அலமாரி நிற்கிறது. நூலகர் மேடத்திடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், புத்தக அலமாரியை நகர்த்தச் சொல்வது அவரிடம் நாற்காலியைப் பிடுங்குவது மாதிரி அல்லவா?

"எது, ஜன்னல் பக்கம் இருக்கறதா? அது தொலைஞ்சா நிம்மதி. பழைய கமிட்டி மீட்டிங் அறிக்கையெல்லாம் அதுலதான் இருக்கு. எழுதினவங்களே எடுத்துப் பாத்ததில்ல."

அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போனில் முடியாது.

ஜூலை 11

நேற்றே கடையில் நின்று அச்சடித்தேன். பட்டைகளைக் குறுகலாக்கி, இரண்டு ஓரத்திலும் இடம் விட்டிருந்தேன். நாத்தனார் "அசல் அளவு" என்பதை அழுத்திவிட்டு, "அழுத்தினதைப் பாத்துட்டீங்கல்ல? அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது" என்று என்னைச் சாட்சிக்கு வேறு நிறுத்திக்கொண்டாள். முதல் பட்டை வெளியே வந்ததும் அவளே ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்தாள். பத்து! இரண்டு பேரும் கடை நடுவில் குதித்தோம். பேனருக்குக் காத்திருந்த ஒருவர் தானும் எதற்கோ சிரித்தார்.

இன்று கூடத்தில் அதே ஆட்கள், அதே நூல், அதே கல். போன தடவை கைதட்டிய பட்டறை அண்ணன் இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தாளை விரித்து முடித்ததும் சார் கைப்பிடிப் பக்கம் போகவில்லை. நேரே மூலைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து தன் ஸ்கேலை எடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து என் கோட்டை அளந்தார்.

"பத்து" என்றார்.

பிறகுதான் கைப்பிடிக்குப் போனார். மூன்று விரல் நுழைத்தார், தாராளமாக நுழைந்தது. தூண் பக்கமும் நுழைத்தார். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, பட்டறை அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

நூலகர் மேடம் தாளில் நடக்கவில்லை. "இந்தத் தடவை நிஜத்துலதான்" என்றார்.

ஜூலை 14

வெட்டுகிறார்கள்!!

ஆகஸ்ட் 9

துண்டு துண்டாக வந்து இறங்கியது. பட்டறை அண்ணன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பொருத்தப் பொருத்த நான் கீழே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசித் துண்டு உட்காரும்போது 'டக்' என்று ஒரு சத்தம். "சாவி போட்ட மாதிரி உக்காந்துடுச்சு மேடம்" என்றார். திருகுகளை முடுக்கும்வரை அங்கேயேதான் நின்றேன். கால் வலித்தது, அது ஒரு பொருட்டாகவே இல்லை.

வளைவைத் தடவிப் பார்த்தேன். ரம்பம் இல்லை. உள்ளங்கை அப்படியே வழுக்கிக்கொண்டு போயிற்று.

ஆகஸ்ட் 20

திறப்பு. சீக்கிரம் போகலாம் என்று போனால் எனக்கு முன்னால் சார் அங்கே நிற்கிறார். தலைமுடி கலைந்திருந்தது, சட்டை ஒரு பக்கம் வெளியே வந்திருந்தது. எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாத மனிதர். "சீக்கிரமே வந்துட்டீங்களா சார்?" என்றேன். "டிராஃபிக் இல்ல" என்றார். அவர் வீடு பக்கத்துத் தெருவில்.

நூலகர் மேடம் கையில் ஒரு புத்தகத்தோடு மேலே போய் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், தூணைச் சுற்றி வந்து இறங்கினார். ஜன்னல் வந்தபோது கண்ணைத் திறந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கூடத்தில் கேட்ட கூச்சலில் நூலகம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. குழந்தைகள் இறங்குகிறார்கள், ஓடுகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். நானும் இறங்கினேன். நாத்தனார் என் பின்னாலேயே வந்து என் முதுகில் மோதினாள். இவர் சீருடையோடு இறங்கிவிட்டு, "திருப்பம் நல்லா இருக்கு, பிரேக் தேவையே இல்ல" என்று சான்றிதழ் கொடுத்தார்.

"சார், நீங்களும் வாங்க" என்று மேடம் கூப்பிட்டார்.

"அதெல்லாம் பிள்ளைங்களுக்கு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 25

வேலை முடிந்தால், கட்டியது கட்டியபடி ஒரு கடைசி வரைபடம் போட்டு நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும். எப்போதும் அது என் தலையில்தான் விழும். இந்த முறை சார், "நானே அளந்து வரையறேன்" என்று நூலகத்துக்கு டேப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று காலை, "ஃபைல் போட்டு வெச்சிருக்கேன். மேடத்துக்குப் பாக்கறதுக்கு மாத்தி அனுப்பிடு" என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பினார்.

திறந்தேன். மூலையில் பத்து சென்டிமீட்டர் கோடு, அவர் கையால். அதன் பக்கத்தில் மூன்று கட்டங்கள். வடிவமைப்பு: என் இரண்டெழுத்து. வரைந்தவர்: சாருடைய இரண்டெழுத்து.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. இடம் மாறி எழுதிவிட்டாரோ என்றுகூட ஒரு தரம் தோன்றியது. அவர் எதையும் இடம் மாறி எழுதுகிறவர் இல்லை.

பிறகு அனுப்புவதற்கு முன்னால் லேயர்களைச் சரிபார்த்தேன், சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேனே. சுவர், படி, சறுக்கு, அளவு. கடைசியில் ஒன்று, அணைத்து வைத்தது. குப்பை.

என்னுடையதை நான் எப்போதோ அழித்துவிட்டேன். இது புதுசு.

தொட்டேன். சறுக்கு தொடங்கும் இடத்தில் ஓர் அம்புக்குறி. பக்கத்தில் பிரிண்டிலும் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்தில்: "முதலில் இறங்கிய மூட்டை நான்தான். திறப்பு அன்று காலை, வாட்ச்மேன் கதவைத் திறந்ததும். இரண்டு தடவை."

சிரித்தேன். அழுதேன் என்றும் எழுதலாம். ஆபீசில் வேறு யாரும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பி.டி.எஃப். ஆக்கப் போனேன். எழுத்துருவை உள்ளேயே வைக்கவா என்று கேட்டது. ஆம். எல்லா லேயரையும் சேர்க்கவா என்று கேட்டது.

சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். மூடி வைத்ததைக் கண்டால் சும்மா இருக்காத நூலகர் மேடத்தின் கையை நினைத்தேன்.

டிக் போட்டேன்.